நான்கு பேர் உட்காரும் படகு

ஜனவரி 9

அன்புச் சகலைக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. உன் வீட்டுச் செய்தி எதுவும் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று என் மனைவி தடை போட்டு ஏழு மாதம் ஆகிறது.

நீ சொன்னபடியே பேருந்துப் பணிமனையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதிலையும் இங்கேயே போடு. போனில் பேசினால், “யாரு, அவ புருஷனா?” என்று அடுப்படியிலிருந்தே கேள்வி வரும். குறுஞ்செய்தி அனுப்பினால் இன்னும் மோசம். என் போனின் கடவுச்சொல் எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது. கல்யாணத்துக்கு முன்புகூட நான் யாருக்கும் இப்படி ஒளிந்து ஒளிந்து எழுதியதில்லை. ஐம்பத்து மூன்று வயதில் உனக்கு எழுத வேண்டும் என்று என் தலையில் இருந்திருக்கிறது.

உன் படகு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றைக்கு விருந்தில் இருபது பேர் நடுவில், தன் தங்கை நான்கு தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்ற கதையை என் மனைவி ஏன் நடித்துக் காட்டினாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். உன் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவள்தான். இன்றைக்கும், “உண்மையைத்தானே சொன்னேன்” என்கிறாள் இவள். இரண்டு பேரையும் எந்த வீட்டில் உட்கார வைத்தாலும் ஒருத்தி எழுந்து போய்விடுவாள். ஆனால் உங்கள் ஊர் ஏரியின் நடுவில் படகை நிறுத்திவிட்டால் எழுந்து எங்கே போவார்கள்? நாம் நான்கு பேர், சுற்றிலும் தண்ணீர். பேசித்தான் ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வாங்கினால் புதுப் படகுதான். இருபத்தெட்டு வருடமாக டயர் பிரிவில் கிடக்கிறேன். அடுத்தவன் ஓட்டிய பொருளுக்குள் அவன் செய்த தப்பெல்லாம் பத்திரமாக இருக்கும், வெளியே தெரியாது. நம் இருவருக்குமே படகைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஒன்றும் தெரியாதவன் உத்தரவாதத்தோடு வாங்குவதுதான் நல்லது.

இப்படிக்கு,
உன் மூத்த சகலை


ஜனவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வெட்டும் மேசைக்கு அடியில் வைத்து நான்கு தடவை படித்தேன். கடையில் இருக்கும் இருவரும், “என்னண்ணே, நீங்களா சிரிச்சுக்கறீங்க?” என்று கேட்கிறார்கள்.

அண்ணா, அவசரப்பட்டுப் புதுசு என்று முடிவு செய்யாதீர்கள். என் குஷன் கடைக்கு வரும் சோபாக்களில் நல்ல மரம் எல்லாம் பழைய சோபாவில்தான் இருக்கிறது. இங்கே ஒரு பல் மருத்துவர் ஊர் மாறிப் போகிறார். அவரிடம் ஒன்பது வருடப் படகு ஒன்று விலைக்கு இருக்கிறது. ஃபைபர் உடம்பு, பின்னால் மோட்டார், ஆறு பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்தாராம். மற்ற நாளெல்லாம் கொட்டகைக்குள் உறை போட்டு வைத்திருக்கிறார். புதுப் படகு என்றால் கடை வாசலைத் தாண்டியதுமே அதன் விலை இறங்கிவிடும். முதல் கீறல் நாம்தான் போடுவோம், அது நிச்சயம். பழையதில் அந்த வேலையை யாரோ ஏற்கெனவே முடித்துக் கொடுத்திருப்பார்கள்.

நேரில் போய் ஒரு மணி நேரம் பார்த்தேன். இருக்கைகள் பிரமாதம் அண்ணா! வெயிலுக்கு வெடிக்காத ரெக்சின், இரட்டைத் தையல், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை அழுத்தினால் உடனே எழும்புகிறது. இருக்கையை இப்படி வைத்திருப்பவர் மற்றதை விட்டுவிடுவாரா?

இன்ஜின் எப்படி என்று கேட்பீர்கள். அதைக் கிளப்பிப் பார்க்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் அவள் நலம். நேற்று அலமாரியைத் துடைக்கும்போது அக்கா படத்தை எடுத்து நன்றாகத் துடைத்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். துடைத்தாளே, அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்புடன்,
உங்கள் இளைய சகலை


ஜனவரி 22

அன்புச் சகலைக்கு,

நீ படகு பார்க்கப் போனாயா, சோபா பார்க்கப் போனாயா? ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஓட வேண்டிய சாமானை மட்டும் விட்டுவிட்டு வந்திருக்கிறாயே! உன் கடிதத்தை டீ நேரத்தில் இங்கே எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பதினோரு பேர். “கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது” என்ற இடத்தில் ஒருவர் டீயைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். உனக்கு ‘சோபா கேப்டன்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பாஞ்சை நீ எப்படி அழுத்தியிருப்பாய் என்று நானே செய்து காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் நெடுஞ்சாலையில் இருக்கும் படகுக் கடைக்குப் போனேன். கண்ணாடி போலப் பளபளக்கிறது எல்லாம். மூன்று வருட உத்தரவாதம். பணம் கட்டினால் நான்கு மாதத்தில் வரும். நங்கூரம், லைஃப் ஜாக்கெட், விளக்கு எல்லாம் தனியாக வாங்க வேண்டுமாம். படகை ஏற்றி இழுக்கும் டிரெய்லரின் டயரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடது பக்கம் காற்று குறைவு. நானே பம்பு வாங்கி அடித்துக் கொடுத்தேன். விற்பனையாளர், “சார், மேல படகு ஒண்ணு இருக்கு, அதையும் பாருங்க” என்றார். பார்க்காமல் வருவேனா? நிறம் நீலம்.

உன் மூத்த சகலை


பிப்ரவரி 1

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று உங்கள் பணிமனை ஓட்டுநர் ஒருவர் இருக்கை உறை தைக்க என் கடைக்கு வந்தார். “நீங்கதானே அந்த சோபா கேப்டன்?” என்றார். அப்போது கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். என்னவென்று அவர்கள் கேட்டார்கள். அவர் சொன்னார். செய்தும் காட்டினார். நீங்கள் செய்து காட்டியதைப் பார்த்துத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். என்னிடம் வேலை கற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

அந்தக் கடிதத்தை உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன்.

என் மனைவி அன்றைக்கு ஏன் எழுந்து போனாள் என்று இத்தனை நாளும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. சின்ன விஷயத்தைப் பெரிது பண்ணுகிறாள் என்றுதான் நினைத்தேன். நேற்றுப் புரிந்தது.

படகு பற்றி இனி யோசிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குஷன் கடைக்காரர்


பிப்ரவரி 6

சகலைக்கு,

ஐயாவாம், மதிப்பிற்குரியவராம்! ஒரு வேடிக்கைக்கு இத்தனை கோபமா? நீ இன்ஜினைப் பார்க்க மறந்தாயா இல்லையா? உண்மையைத்தானே சொன்னேன்? சிரிக்கிற விஷயத்துக்குச் சிரிக்கக்கூடாது என்றால் ஊமையாகத்தான் இருக்க வேண்டும்.

உனக்கு வேண்டாம் என்றால் போகட்டும். புதுப் படகை நானே வாங்கி, நானே ஓட்டிக்கொள்கிறேன்.

உன் மூத்த சகலை


பிப்ரவரி 27

சகலைக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால் தொலைந்திருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மனைவி தன் மருத்துவமனை வேலைக்கான பயிற்சி என்று நேற்று வெளியூர் போயிருக்கிறாள். பத்து நாள் ஆகுமாம். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. படகுக் கடைக்கு மறுபடி போனேன். ஆறு இருக்கைகள். நான் ஒருவன் எந்த இருக்கையில் உட்காருவது என்று தெரியவில்லை. முன்பணம் கட்டாமல் வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மூத்த சகலை


மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கொழுந்தியாள் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அக்கா எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை. எங்கள் வீட்டில், என் கட்டிலில், என் போர்வையையும் பிடுங்கிச் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள்.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தால் நிற்கிறாள். கையில் என் வீட்டுக்காரர் உங்களுக்கு எழுதிய கடிதங்கள். உங்கள் டிபன் பையைத் துவைக்க எடுத்தபோது அடியில் இருந்ததாம். ஒளிக்கத் தெரியாதவர் எதற்கு ஒளிக்க வேண்டும் அத்தான்?

உள்ளே வரக்கூட இல்லை. அந்த ‘ஐயா’ கடிதத்தை நீட்டினாள். “நேத்துப் புரிஞ்சுதுன்னு எழுதியிருக்கார் பாரு. நான் நடிச்சுக் காட்டினப்ப உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?” என்றாள்.

“ஆமா.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ அப்பவே என் மூஞ்சியப் பாத்திருக்கலாம்ல?”

“பாக்கல. எல்லாரும் சிரிச்சாங்களா, நான் அவங்களையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடுடி” என்றாள். நாற்பத்தாறு வருடத்தில் அக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. என் பள்ளிக்கூடப் புத்தகங்களைக் கிழித்தபோதுகூட “சரி விடு” என்றுதான் சொல்லுவாள். நான் அழுதேன், அவளும் அழுதாள். எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார். பிறகுதான் உள்ளே வந்தோம்.

என் வீட்டுக்காரர் கடைக்குப் போன பிறகு, அவர் ஒளித்து வைத்திருந்த உங்கள் கடிதங்களையும் எடுத்து வந்தேன். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் தேதி வாரியாக அடுக்கி, நீங்கள் எழுதியதை அக்காவும், அவர் எழுதியதை நானும் மாற்றி மாற்றி வாசித்தோம். நடு ஏரியில் எங்களை மாட்டிவைக்கத் திட்டமா? எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியாது!

நேற்று அந்தப் பல் மருத்துவர் வீட்டுக்குப் போனோம். நாங்கள் வரும்வரை இன்ஜினைத் தொடக்கூடாது என்று அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். போனதும் கையை வைத்துப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. “முன்னாடியே சூடு பண்ணி வச்சா எந்த இன்ஜினும்தான் ஓடும்” என்றாள். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. நான் அடிப்பாகத்தை விரலால் தட்டிக்கொண்டே போனேன். பின்பக்கம் ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே மேல்தளத்தில் கால் வைத்தால் லேசாக அமுங்குகிறது. மருத்துவர் முகம் சுருங்கிவிட்டது. தன் செலவில் சரிசெய்து தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். பிறகு தண்ணீரில் அரை மணி நேரம் ஓட்டினோம். எனக்கு இன்னும் காது முழுக்கக் காற்று.

நியாயமாக இருக்கட்டும் என்று உங்கள் புதுப் படகுக் கடைக்கும் போன் போட்டோம். நான்கு மாதம் என்றார்கள். “நாலு மாசமா? அதுக்குள்ள நாங்க அடுத்த சண்டையே போட்டு முடிச்சிருவோமே!” என்றாள் அக்கா. பழைய படகுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

எங்கள் கதை முடிந்தது. இப்போது இந்த வீட்டில் சிரிக்காதவர் ஒருவர்தான். கடைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். அவர் சம்மதிக்காமல் படகைத் தண்ணீரில் இறக்க மாட்டோம். “மன்னிப்புக் கேக்க என்னாலயே முடிஞ்சுது, உன் அத்தானால முடியாதான்னு கேளு” என்று அக்கா சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இது அவருக்குத் தெரியாது. உங்கள் வழக்கப்படி ஒளித்து, இதுவும் பணிமனை முகவரிக்குத்தான்.

உங்கள் கொழுந்தியாள்


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்து, உன் ஆட்கள் இருவரும் வாடிக்கையாளர் யாராவதும் இருக்கும்போது, சத்தமாகப் படி. இது என் வேண்டுகோள்.

என்னை நம்பி எனக்கு மட்டும் நீ எழுதியதை எடுத்துப் பதினோரு பேருக்குப் படித்துக் காட்டினேன். உன்னைப் போல நடித்தும் காட்டினேன். நான் செய்தது தவறு. அதை வேடிக்கை என்று சொன்னது அதைவிடப் பெரிய தவறு. இன்று காலை டீ நேரத்தில் அதே பதினோரு பேர் முன்னால் எழுந்து நின்று இதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், “அப்ப இனிமே அவர் லெட்டர் வந்தா எங்களுக்குப் படிக்க மாட்டீங்களா?” என்று பாவமாகக் கேட்டார். மாட்டேன் என்றேன். என்னை மன்னித்துவிடு.

சத்தமாகப் படிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள். மீதி உனக்கு மட்டும்.

பெண்கள் இருவரும் சேர்ந்துவிட்ட செய்தியைப் படித்து இந்த மேசையிலேயே அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆனால் அந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும், உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்க வாசல் காவலரிடம்தான் போனேன். இந்த ஒரு மாதமாகத் தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே அவர் தலையை ஆட்டிவிடுகிறார். எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் நீதான் இருக்கிறாய் என்பதை நான் உன்னிடம் சொன்னதில்லை. தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

பழைய படகு எனக்குச் சம்மதம். ஓட்டை இருந்தாலும் சம்மதம். நீ ஓட்டு, நான் தண்ணீரை இறைத்துக்கொண்டு வருகிறேன்.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் கிளம்புகிறேன். பத்தரை மணிக்கு வந்து சேரும். அக்காளையும் தங்கையையும் வீட்டிலேயே இருக்கச் சொல். நிலையத்துக்கு நீ மட்டும் வா.

உன் அண்ணன்