கயிற்றுக்கு வெளியே மூன்று பேர்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். அவருடைய முழங்காலையும் என்னுடைய கோபத்தையும் கழித்துவிட்டால் மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்றுதான் நினைக்கிறேன், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், காகிதத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார். உன் தங்கை ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனாள், முடியைக் கத்தரித்திருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது, அவளிடம் நான் அப்படிச் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கம்பெனிப் பெட்டி எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. சிரித்துக்கொண்டே கணக்கு என்று மூடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக என் வகுப்பில் யாரப்பா அழுதுகொண்டிருந்தார்கள்? நீ போனில் கெஞ்சினது நினைவிருக்கிறது. அம்மா, உங்க ஸ்கூல்லதான் சோதிச்சுப் பாக்கறாங்க, கணக்கு டீச்சர்னு நீங்கதான் கருத்து எழுதணும், நல்லதா நாலு வரி எழுதிக் குடுத்துடுங்க, பெட்டி எல்லா ஸ்கூலுக்கும் போயிடும், என் வேலையும் நிரந்தரமாயிடும் என்றாய். பெற்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? நாலு வரி என்ன, நாற்பது வரி எழுதித் தருகிறேன் என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். பெட்டியைத் திறக்கிற வரைக்கும்.

பெட்டியோடு நீங்கள் அனுப்பிவைத்த பயிற்சியாளரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவருக்கு ஒரே நாளில் சிரிப்பு மாஸ்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். மனுஷர் சிரித்தபடியே உள்ளே வந்தார், சிரித்தபடியே நாற்காலியில் இடித்துக்கொண்டார், அப்போதும் சிரித்தார். வகுப்பாசிரியர் குறுக்கிடக் கூடாது என்று பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்ததாம், அதை என்னிடமே நீட்டினார். என் வகுப்பில் என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்த புண்ணியம் உனக்குத்தான் சேரும். மைனஸ் எண்களுக்கு அழுகிற முகம் வரைந்த பொம்மை. மைனஸ் மூன்றையும் மைனஸ் மூன்றையும் பெருக்கினால் ஏன் சார் பிளஸ் வருது என்று ஒரு பையன் நியாயமாகக் கேட்டான். அழறவங்க ரெண்டு பேரு சேந்தா ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லிப்பாங்க, அதனால சிரிப்பு வந்துடும் என்றார். அப்படியென்றால் மைனஸ் மூன்றையும் மைனஸ் மூன்றையும் கூட்டினால் மட்டும் ஏன் மைனஸ் ஆறு, அங்கே ஆறுதல் சொல்ல ஆள் இல்லையா என்று நான் கேட்டிருப்பேன், குறுக்கிடக் கூடாதே. வாய்ப்பாட்டுக்கு ஒரு பாட்டு, கையை ஆட்டி இடுப்பை ஆட்டி. அடுத்த நாள் ஒருத்தியை ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். முதல் வரியிலிருந்து ஆட்டத்தோடு ஆரம்பித்தாள், பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து வந்தாள், ஐம்பத்தாறு வருவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. பின்னத்துக்கு வட்டத் தட்டுகள். தட்டைப் பாதியாக்கினார்கள், காலாக்கினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். இந்த ஸ்கேலில் பாதியைக் காட்டு என்று சொன்னால் ஸ்கேலை வைத்துவிட்டு வட்டம் வரைகிறார்கள். பாதி என்றால் உருண்டையாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? நீதான்.

இதையெல்லாம்கூட நான் மன்னித்திருப்பேன். பிள்ளை பிழைப்புக்குப் பொம்மை செய்கிறான், போகட்டும் என்று பூசி மெழுகி நாலு வரி எழுதியிருப்பேன். அந்தக் கயிற்று விளையாட்டு வந்ததே, அங்கேதான் மாட்டிக்கொண்டாய். அந்த விளையாட்டுக்கான அட்டையை எழுதியது நான்தான் என்று நீயே போனில் ஜம்பமாகச் சொன்னாய், ஆகவே சிரிப்பு மாஸ்டர் மேல் பழியைப் போட வழியில்லை. பன்னிரண்டு மீட்டர் கயிறு, இரண்டு முனையும் முடிச்சுப் போட்டது. பள்ளி முற்றத்தில் நாலு பிள்ளைகள் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு சதுரமாக நின்றார்கள், பக்கத்துக்கு மூன்று மீட்டர். பதினாறு பேர் உள்ளே போய் நின்றார்கள். நெருக்கம்தான், ஆனால் எல்லோரும் கால் ஊன்றி நின்றார்கள். மாஸ்டர் ஒரு போட்டோ எடுத்தார். பிறகு அதே கயிற்றை நீளமாக இழுக்கச் சொன்னார், ஐந்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். உள்ளே இருந்தவர்கள் மூச்சுவிட முடியாமல் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்து, தள்ளாதடா, நீ தள்ளாத என்று கத்தி, கடைசியில் மூன்று பேர் கயிற்றுக்கு வெளியே பிதுங்கி விழுந்தார்கள். அப்போதும் ஒரு போட்டோ. பிறகு உன் அட்டையை எடுத்து உரக்கப் படித்தார். கயிறு ஒன்றுதான், ஆகவே உள்ளே இருக்கும் இடமும் ஒன்றுதான், சுற்றளவு மாறாவிட்டால் பரப்பளவும் மாறாது, அனைவரும் கைதட்டுக.

அனைவரும் கைதட்டுக! அதையும் அச்சடித்திருக்கிறாயே, அப்பனே. வெளியே விழுந்த மூன்று பேரில் ஒருத்திக்குக் கரகரத்த குரல், வகுப்பில் எல்லோரும் அவளைக் கரகரப்பு என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். சார், மொதல்ல எல்லாருக்கும் எடம் இருந்துச்சு, இப்ப இல்லையே என்றாள். அதற்கு மாஸ்டர், கையக் கட்டிக்கிட்டு ஒழுங்கா நின்னா எடம் தானா வரும்மா என்று சிரித்தபடியே சொன்னார். அவள் விடவில்லை. எப்படி சார் தானா வரும் என்று திரும்பக் கேட்டாள். மூன்று பேரும் விளையாட்டைக் கெடுக்கிறார்கள் என்று சுவரோரமாக நிற்கவைத்துவிட்டார். ஒன்பது சதுர மீட்டரும் ஐந்து சதுர மீட்டரும் ஒன்று என்று சொல்கிற ஆள் நடுவில் நிற்கிறார், இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொன்ன பிள்ளைகள் சுவரோரம் நிற்கிறார்கள். கடைசி பெஞ்சுக்காரி நான் முற்றத்து ஓரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். என் கோபம் உன் மேல்தான். அந்த மாஸ்டர் மேல் இல்லை, அவர் பாவம், கொடுத்ததைப் படிக்கிறவர். நீ பள்ளிக்கூடத்தில் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவன். நீளம் பெருக்கல் அகலம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். ஆனால் அந்தக் கயிற்றை ஒரு தடவையாவது கையில் பிடித்துப் பார்த்தாயா? உன் ஆபீஸில் நாலு பேரைக் கூப்பிட்டு உள்ளே நிற்கச் சொன்னாயா? குளிர்சாதன அறையில் மேசை முன்னால் உட்கார்ந்துகொண்டு, கேட்க அழகாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினாய். பிள்ளைகளுக்குச் சுலபமாகச் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் தங்களுக்குத்தான் சுலபமாக்கிக்கொள்கிறார்கள்.

அடுத்த நாள் மாஸ்டர் போய்விட்டார், பெட்டி மட்டும் இருந்தது. நான் வட்டிக் கணக்கு நடத்தலாம் என்று போனேன். நடத்தவிட்டால்தானே. டீச்சர், அந்தக் கயிறு எங்க, எங்களுக்கு எடம் ஏன் போச்சு, சார் சொன்னது சரியா என்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. கடைசிவரை உள்ளே நின்றவர்கள் எல்லாம் இடம் இருந்தது என்கிறார்கள், மிதிபட்டு வெளியே விழுந்தவர்கள் இல்லை என்கிறார்கள். சரி, வந்து தொலையுங்கள் என்று முற்றத்துக்குக் கூட்டிப் போய்க் கயிற்றைக் கொடுத்துவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று தோன்றியது. கரகரப்புதான் மூலையைப் பிடித்தாள். இன்னும் இழு, இன்னும் இழு என்று இழுத்து, கடைசியில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கயிறு வெறும் கோடாகக் கிடந்தது. அதே பன்னிரண்டு மீட்டர்தான். டீச்சர், இப்ப உள்ள யாரு நிப்பா என்று கேட்டாளே, எதிர்க்கட்சிக்காரர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? அப்போ எப்படிப் பிடித்தால் ரொம்பப் பேர் நிற்கலாம் என்று அடுத்த சண்டை ஆரம்பமாயிற்று. சதுரம்தான் பெரிசு என்றான் ஒருவன். மூலையைப் பிடிக்கிறவர்கள் பிடியை விட்டு எல்லோரும் சேர்ந்து வட்டமாகப் பிடிக்கலாமே என்றாள் இன்னொருத்தி. பிடித்தார்கள். பதினாறு பேருக்கு மேலேயும் ஆள் நுழைந்தது. மணி அடித்தது, ஒரு பிள்ளை நகரவில்லை. என் வகுப்பு மணி அடித்த பிறகும் நடந்ததாக எனக்கு நினைவே இல்லை.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அந்தக் கயிறு நல்ல கயிறு. உன் பெட்டியில் இருக்கிற பொம்மை, பாட்டு, தட்டு எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு அந்த ஒரு கயிற்றை மட்டும் அனுப்பினால் போதும், எந்த டீச்சரும் கையெடுத்துக் கும்பிடுவாள். உன் விளையாட்டு உன்னைவிடக் கெட்டிக்கார விளையாட்டாக இருக்கிறது. நீ செய்ய வேண்டியதெல்லாம் கயிற்றைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். அதைத்தான் நீ செய்யவில்லை. பிள்ளைகள் யோசிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட வேண்டும் என்று உனக்கென்ன அவசரம்? சொன்னதுதான் சொன்னாய், சரியாகவாவது சொல்லக் கூடாதா?

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, கருத்தை வெள்ளிக்கிழமை அனுப்பணும் மேடம், உங்க பையன் செஞ்சதுதானே, நல்லவிதமா எழுதிடுங்க என்றார். நான் எழுதினதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத அனுப்பினா உங்க பையனுக்குத்தானே மேடம் கஷ்டம், பாத்தும் பாக்காத மாதிரி விட்டுடலாமே என்றார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கத்தான் அந்த மாஸ்டர் இருக்கிறாரே சார், அதற்கு நான் வேறு எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் உன் அப்பா அதற்கு மேல். பெத்த புள்ள வேலையில மண்ணள்ளிப் போடறியே, நீயெல்லாம் ஒரு தாயா என்று கேட்டுவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. காப்பி வேண்டுமென்றால் டம்ளரை மேடையில் டங்கென்று வைப்பார், அதுதான் தகவல். நேற்றுச் சாயங்காலம் துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து கூடத்தில் நாலு நாற்காலி காலில் சுற்றினேன். முதலில் சதுரமாக. நில்லுங்கள் என்றேன், நின்றார். பிறகு நாற்காலிகளை ஒடுக்கி நீளமாக்கினேன். வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்தார், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அவன்கிட்ட பக்குவமாச் சொல்லு என்றார். இந்தக் கடிதத்தில் எங்கேயாவது பக்குவம் தென்பட்டால் அது அவருடையது.

நான் எழுதிய கருத்து இதுதான், மறைக்க ஒன்றுமில்லை: கயிறு மிக நன்று, கயிற்றோடு வந்த விடை தவறு, விடையை நீக்கும்வரை பெட்டியை அச்சுக்கு அனுப்ப வேண்டாம். கீழே கையெழுத்தும் போட்டாயிற்று. ஒரு சொல்லையும் குறைக்க மாட்டேன். நீ அழுதாலும் குறைக்க மாட்டேன், நீ அழுதால் எனக்குத் தாங்காது என்பது வேறு விஷயம். அந்த அட்டை ஊர்ஊராகப் போனால் போகிற இடமெல்லாம் கண்ணால் பார்த்ததைச் சொல்கிற பிள்ளைகளைச் சுவரோரம் நிற்கவைப்பார்கள். என் மகன் எழுதியதைப் படித்துவிட்டு நிற்கவைப்பார்கள். உன் வேலை நிரந்தரமாவதற்காக அதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது.

ஆனால் ஒன்று. என் கருத்து வெள்ளிக்கிழமைதான் பள்ளியிலிருந்து கிளம்பும். இந்தக் கடிதத்தை இப்போதே கூரியரில் போடுகிறேன், புதன்கிழமை உன் கையில் இருக்கும். நடுவில் ஒரு வியாழக்கிழமை கிடைக்கிறது. டீச்சராக நான் உனக்குத் தருவதற்கு ஒன்றுமில்லை, அந்த வியாழக்கிழமை அம்மா தருவது. காலையில் தலை வாரிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு உன் மேலாளரிடம் நீயே போ. அட்டையில் நான் தப்பா எழுதிட்டேன் என்று நீயே சொல். சப்பைக்கட்டு கட்டாதே, அச்சுக்காரர் மேல் போடாதே. அவர் என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. வேலை நிலைக்கலாம், போகலாம். போனால் வீட்டுக்கு வா, குழாயாவது சரியாகும். யாரோ கண்டுபிடித்துக் காட்டிய பிறகு முழித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையாக மட்டும் நீ இருக்கக் கூடாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிர்காலச் சட்டையை வெயிலில் போட்டு எடுத்து வை. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், என்னுடையதும் அதோடு சேர்த்திதான், நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத வேளை எனக்கில்லை. சிரிப்பு மாஸ்டர் எடுத்து என் போனுக்கும் அனுப்பிய இரண்டு போட்டோவையும் ஸ்டுடியோவில் அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றில் பதினாறு பேரும் கயிற்றுக்குள்ளே நிற்கிறார்கள். இன்னொன்றில் மூன்று பேர் வெளியே விழுந்து கிடக்கிறார்கள், கரகரப்பு முகத்தைச் சுளித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். விளம்பரத்துக்கு அந்த மூன்று பேரை வெட்டிவிட்டுப் போடப்போவதாக மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டவிடாதே. மேலாளர் அறைக்குப் போகும்போது இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வை. எத்தனை பேர் உள்ளே என்று எண்ணச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர்