தைவான் கார்டு எந்தப் பெட்டியில்?

7-11-2005
மழை. உப்பு அம்பாரங்களையெல்லாம் ஓலை போட்டு மூடியாகிவிட்டது. லோடு மட்டும் போகிறது. ஆபீசில் இன்டர்நெட் ஆமை. சென்னைக்கு ஒரு பில் அனுப்ப முக்கால் மணி நேரம். எடைமேடை கிளார்க் தேசப்பன் — என் வீட்டுக்காரர்தான் — கம்ப்யூட்டரில் சீட்டு ஆடிக்கொண்டே, "நீ வேகமா டைப் அடிக்கிற ஜெயா, அதான் நெட்டு மூச்சு வாங்குது" என்கிறார். கொழுப்பு.

9-11
முதலாளி அப்பாதுரை குதித்தார். "நாலு கம்ப்யூட்டர்ல எதுலயோ படம் இறக்குறாங்க. யாருன்னு கண்டுபுடி. அந்த ஆளு இங்க இருக்கக் கூடாது." பாண்டிச்சேரி மெக்கானிக் பாலகுருவுக்குப் போன் போட்டேன். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பன்னிரண்டு எழுத்தில் ஒரு முகவரி உண்டாம். முதல் ஆறைப் பார்த்தாலே எந்தக் கம்பெனி செய்தது என்று தெரியுமாம். இனிஷியல் மாதிரி!

10-11
மாட்டியது. நெட்டை முழுக்க இழுக்கும் கார்டின் முகவரி மோடத்தில் பதிவாகியிருந்தது. முதல் ஆறு எழுத்தும் தைவான் கம்பெனி. கண்டுபிடித்த குஷியில் வாயை விட்டேன். "சார், தைவான் கார்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. போன வருஷம் உப்புக்காத்துல பழசு போயி, எடைமேடைக்கு மாத்தினோமே..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அங்கேயே நின்றிருந்த என் வீட்டுக்காரர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "சீட்டு ஆடுவேன். படம் இறக்கலைங்க." அவ்வளவுதான் பேசினார். நாளையிலிருந்து வரவேண்டாமாம்.

11-11
பேசவில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். கத்தித் தொலைக்கக் கூடாதா? அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நான் சொல்லியிருக்கக் கூடாதா?

12-11
எடைமேடைக் கம்ப்யூட்டர் அணைந்தே கிடக்கிறது. நெட் இன்னும் ஆமை! மோடத்தில் அதே தைவான் முகவரி.

அப்புறம்தான் — ஐயோ — போன மாத ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது. நாலு கம்ப்யூட்டர் பெட்டியையும் திறந்து, கார்டுகளைச் செருகும் பல்லில் பூத்த உப்பை ரப்பரால் தேய்த்து, பேப்பரில் பரப்பிப் பொட்டு வைத்தோம். திரும்பச் செருகியது நான். எது எதனுடையது என்று யார் பார்த்தது? எல்லாம் வேலை செய்தது, சுண்டல் தின்னப் போய்விட்டோம்.

முதலாளி அறைப் பெட்டியைத் திறந்தேன். தைவான் கார்டு அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. துபாய் மகள், பேரன் தவழும் வீடியோவை அனுப்பியிருக்கிறாள். அது ஓடவில்லை என்று மனிதர் தினமும் திரும்பத் திரும்ப இறக்கிக்கொண்டிருக்கிறார்! "கார்டு மாறினது என் தப்புங்க. அவரு ஒண்ணும் செய்யலைங்க" என்றேன். "பேரன் படம் ஓடுனா போதும்னு பாத்தேம்மா" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

13-11
முதலாளியே வீட்டுக்கு வந்தார். "தேசப்பா, நாளைக்கு வந்துடுப்பா." இவர் "சரிங்க" என்றார். காபி கொடுக்கச் சொல்லக்கூட என்னிடம் பேசவில்லை, தானே போட்டார்.

14-11
காலையில் அவருக்கு முன்னால் கிளம்பி பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னாலேயே வண்டி வந்து நின்றது. "ஏறு. நீ வரலைன்னா அங்க என்னைப் போட்டுக்குடுக்க யாரு இருக்கா?"

அவர் முதுகில் சாய்ந்து நன்றாக அழுதேன். "ஏய், இது ஒண்ணுதான் தேய்ச்ச சட்டை" என்றார்.