அம்மா படுக்கிற இடம்

பிரான்காச்சோ
14.01.2025

அன்புள்ள அம்மா,

உங்கள் எசமானி, அந்தச் சின்யோரா, உங்களை நாய் மாதிரி அறை வாசலில் படுக்க வைத்திருக்கிறா. அவ தன் படுக்கையறைக் கதவைத் திறந்தால் அது உங்கள் மடிப்புக் கட்டிலில் இடிக்கும். ஒன்பது வருஷமாக இடிக்கிறது.

போனில் இதைத் தொடங்கினால் "சின்யோரா கூப்பிடுறா, வைக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது.

எனக்கு நூதனசாலையில் வேலை கிடைத்துவிட்டது. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய பணக்கார வீடு. வருகிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வேலைக்காரருக்கு அறையே கிடையாது. சமையல்காரன் அடுப்படியில் படுத்தான், குதிரைக்காரன் குதிரையோடு படுத்தான். பணிப்பெண் எசமானியின் கதவுக்கு வெளியே படுத்தாள், கூப்பிட்ட குரலுக்கு எழும்ப. இன்று ஒரு ஜேர்மன்காரி கேட்டாள், "இந்தப் பழக்கம் எப்போது ஒழிந்தது?" என்று. பொலிதேயாமாவுக்கு பஸ் எடுத்துப் போய் என் அம்மாவைப் பாருங்கள் என்றா சொல்ல?

சின்யோராவின் வீட்டில் ஏழு அறை. ஒன்று, நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் மிலானிலிருந்து வருகிற மகனுக்கு. ஒன்று, செத்துப்போன மனுஷனின் தொப்பிகளுக்கு. தொப்பிக்கு அறை, உங்களுக்கு நடைவழி!

இலவச நுழைவுச்சீட்டு இரண்டு வைத்திருக்கிறேன். சின்யோராவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தன் கண்ணால் பார்த்து வெட்கப்படட்டும்.

கோபத்துடனும் முத்தத்துடனும்,
அனிற்றா

பொலிதேயாமா
28.01.2025

என் தங்கப் பிள்ளைக்கு,

கர்த்தர் உன்னையும் மருமகனையும் சின்னவளையும் காப்பாராக. அவளுக்குப் பல் வந்துவிட்டதா?

நாய் மாதிரி என்று எழுதியிருக்கிறாய். இந்த வீட்டு நாய் சோபாவில் படுக்கும். எழுதினால் சரியாக எழுது.

வந்தோம். நீ அந்தக் கதவடியில் நின்று என்னையே பார்த்து உரத்த குரலில் விளக்கம் சொன்னாய். வெட்கம் எனக்குத்தான் வந்தது, அவவுக்கு வரவில்லை. எசமானிக்குச் சுகமில்லாத இரவுகளில் பணிப்பெண் படுத்த சின்னக் கட்டிலைப் பெரிய கட்டிலுக்கு அடியிலிருந்து நீ இழுத்துக் காட்டினாயே, அப்போது அவ ஊன்றுகோலை என் கையில் தந்துவிட்டுக் குனிந்து பார்த்தா. எண்பத்தாறு வயதில் அவ குனிந்ததை நான் கண்டதே இல்லை. டாக்ஸியில் முழுக்க அதே கதை. "எமிலியானா, அந்தக் காலத்துச் சனம் எவ்வளவு கெட்டித்தனமா யோசிச்சிருக்குது!"

மூன்றாம் நாள் தச்சன் வந்தான். இப்போது எனக்குச் சில்லு வைத்த கட்டில், சின்யோராவின் அறைக்குள்ளேயே. பகலில் அது அவவின் கட்டிலுக்கு அடியில் போய்விடும். முதல் நாள் காலை நான் எழும்ப முந்தி அவ காலால் தள்ளிவிட்டா. நானும் சேர்ந்து உள்ளே போய்விட்டேன். நான் அடியிலிருந்து "மாதாவே!" என்று கத்த, அவ மேலிருந்து "மதோன்னா!" என்று கத்தினா. சிரித்து முடிய கோப்பி ஆறிவிட்டது.

உன் யோசனைக்கு நன்றி என்று ஒரு பெட்டி இனிப்பு தந்திருக்கிறா. மருமகன் பிறின்ஸ் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

உன் அம்மா,
எமிலியானா

பிரான்காச்சோ
03.02.2025

அம்மா,

என் யோசனையாம்! அவவுக்கு வெட்கம் இல்லை, உங்களுக்கு ரோசம் இல்லை. இனிப்பை நான் தொடவில்லை. ஒன்றுதான் தொட்டேன்.

நேற்று முழுக்க அறுபது பேருக்கு அந்தக் கட்டிலை இழுத்துக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் அதற்குள்ளிருந்து நீங்கள் கத்துவது கேட்டது. சிரிப்பு வரவில்லை.

வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து இருங்கோ. பின்னறையை உங்களுக்காகத் துப்புரவாக்கிவிட்டோம். பிறின்ஸ் நீலம் அடித்திருக்கிறார். யன்னலால் கடல் தெரியும், எட்டிப் பார்த்தால். சின்னவளின் தொட்டிலை உங்கள் கட்டிலோடு ஒட்டி வைத்திருக்கிறோம், கையை நீட்டினால் எட்டும். பிறின்ஸ் இரவு முழுக்க பேக்கரியில் நின்றுவிட்டுப் பகலில் அவளைப் பார்க்கிறார். நேற்று போத்தலைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நித்திரை. நான் எட்டு மணிக்கு வெளிக்கிட வேணும், இரவில் எழும்ப ஏலாது. நீங்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உங்களுக்கும் இனிமேல் மரியாதையான ஒரு இடம்.

அனிற்றா

பொலிதேயாமா
08.02.2025

என் பிள்ளைக்கு,

இரண்டு தரம் வாசித்தேன். நீலம் எனக்குப் பிடிக்கும், மருமகனுக்குச் சொல்லு.

சின்னவளை நினைத்தால் கை துடிக்கிறது. நான் தூக்காமல் ஆர் தூக்கிறது? அது வேறு.

இரவில் அவள் அழுதால் எழும்புவது நான். விடிந்தால் பார்ப்பதும் நான். கட்டில் கைக்கெட்டும் தூரத்தில். பிள்ளை, உன் நூதனசாலையில் இந்த நீல அறையை எந்த அறைக்குப் பக்கத்தில் காட்டுவாய்?

சின்யோரா என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினா, உண்மை. ஆனால் வியாழன் பின்னேரமும் ஞாயிறும் என்னுடையவை. ஒப்பந்தத்தில் எழுதி அவ கையெழுத்து வைத்திருக்கிறா. நீ "எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறாய். அது எந்தக் கிழமை வரும்?

நான் கோபிக்கவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அம்மா

பொலிதேயாமா
02.03.2025

அனிற்றா,

மூன்று கிழமையாகக் கடிதம் இல்லை. சின்னவளின் படம் ஏழு அனுப்பியிருக்கிறாய். பல் வடிவாக இருக்கிறது. நாலு படத்தில் நீலச் சுவர் தெரிகிறது, தொட்டில் அதே இடத்தில்தான்.

நான் கேட்டது படம் இல்லை. வேலையை விடுவதென்றால் இந்த மாதம் முடிய முந்தி சின்யோராவுக்குச் சொல்ல வேண்டும். இரவில் தொட்டில் எந்த அறையில் நிற்கும்? எனக்கு லீவு எந்த நாள்? இரண்டே வரி. பிறின்ஸையும் கையெழுத்து வைக்கச் சொல்லு. அனுப்பு.

அம்மா