நல்ல நேரத்துக்குச் சுற்றிய காற்றாடி

அன்புள்ள மகன் லோகேஸ்வரனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நல்ல உடம்போடும் நல்ல மனத்தோடும் இருக்க வேண்டும். நம் ஊர் மெர்போக்கில் நாங்கள் எல்லாரும் சுகம், கூரைமேல் நிற்பது ஒன்றைத் தவிர. போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன். ஸ்காட்லாந்து வேலையை விட்டுவிட்டு வந்து குணாளன் சித்தப்பாவோடு மின்சாரம் எடுக்கிற காற்றாடி கம்பெனி தொடங்கப் போவதாக அப்பாவிடம் சொன்னாயாமே. அந்தக் கம்பெனியின் லட்சணத்தைக் கேள். உன் சித்தப்பா இதுவரை மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டார். முதலில் தண்ணீர் பிடிக்கிற நீலப் பிளாஸ்டிக் தோங்கை நெடுக்காகப் பிளந்து கம்பத்தில் எதிரும் புதிருமாக மாட்டினார், மைனா வந்து கூடு கட்டுகிற அளவுக்கு அது அசையாமல் நின்றது. அடுத்தது முட்டை அடிக்கிற கரண்டி மாதிரி வளைத்த தகடுகள், காற்றே வந்தாலும் யாராவது ஏறிக் கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்பும். இப்போது நிற்பது பழைய சீலிங் காற்றாடியின் இறக்கைகள். பக்கத்து வீட்டுக் காஞ்சனா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னக்கா, கூரைக்கு மேல கிப்பாஸ் மாட்டிருக்கீங்க, வானத்துக்கு வேர்க்குதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். நம் ஊருக்கு வருவது மழைக்கு முன்னால் வந்து கொடித்துணியைக் கீழே தள்ளிவிட்டுப் போகிற காற்று, அதை நம்பி உலை வைக்க முடியாது என்றேன். "அண்ணி, படிச்சவங்க நீங்களே நெகட்டிவா பேசாதீங்கலா, காத்து ஃப்ரீதானே" என்றார். ஃப்ரீ என்று கேட்டதும் உன் அப்பாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தில் பாதிகூட அந்த இயந்திரத்திலிருந்து வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை திறப்பு பூஜை வைத்தார்கள். குருக்கள் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் வந்துவிட்டது, புதுக் கார் டயருக்கு வைப்பதுபோல் கம்பத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, சூடமும் ஏற்றியாயிற்று. சுடர் ஆடாமல் நேராக நின்றது. காற்று வரவில்லை. எல்லாரும் அண்ணாந்து நிற்கிறார்கள், நேரம் போய்க்கொண்டிருக்கிறது, சித்தப்பா உள்ளே ஓடினார். உடனே காற்றாடி சுற்றியது. கைதட்டினார்கள், உன் அப்பா கண்கலங்கி வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். நம் வீட்டுக் கரண்டில் சார்ஜ் ஏற்றிய கார் பேட்டரியை ஒயரில் கொடுத்து அதைச் சுற்ற வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "நல்ல நேரத்துல சுத்தலன்னா சகுனம் கெட்டுடும் அண்ணி, சாமி காரியம்லா" என்கிறார். காற்றிலிருந்து கரண்ட் எடுக்கப் போகிறேன் என்ற மனிதர் கரண்டிலிருந்து காற்று எடுத்தார், குருக்களும் அதற்குத் தீபாராதனை காட்டினார்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் முடிவெடுத்தாயாம். நானும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பின்னால் காஞ்சனா வீட்டு வாழை தெரிகிறது, ஓர் இலைகூட அசையவில்லை. கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளைப் பழுது பார்ப்பவன் நீ, உன் கண்ணுக்கு அது தப்புமா? முதலில் உன்மேலும் எரிச்சல்தான், எல்லாம் ஒரே ரத்தம் என்று திட்டிக்கொண்டேன். பிறகு பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. இவன் பார்த்திருக்கிறான், பார்த்த பிறகும் நம்புவதாகச் சொல்கிறான் என்றால் அங்கே இருக்க முடியவில்லை, வருவதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அப்படியானால் அதற்குப் போயும் போயும் அந்தக் குப்பையையா பிடிப்பாய்? சித்தப்பாவின் கம்பெனிக்கு என்று வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி வா, ஏன் என்று நான் கேட்க மாட்டேன், உன் அப்பாவையும் கேட்க விட மாட்டேன்.

மாரியம்மன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு. வெளியே கிளம்பும்போது காதை மூடிக்கொள், அங்கே அடிப்பது நிஜக் காற்று.

இப்படிக்கு,
உன் அம்மா
உமாராணி