வஞ்சி கொடுத்த சாவி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஏ ஷிப்ட். கம்பெனி பஸ்ல ஃபேன் ஓடல. டிரைவர்ட்ட சொன்னா "ஜன்னல தொறம்மா"ங்காரு. தொறந்தா ஒரகடம் லாரிப் புழுதி பூரா மூஞ்சில.

வாங்கணும்: சோப்புத்தூள், தக்காளி, ஜெயந்திக்குத் தலைவலித் தைலம்.

என் தொடர்கதையில புது அத்தியாயம் நேத்து கத ஆப்ல ஏத்தியாச்சு. 18+ன்னு போட்டுத்தான். மூணுகொம்பு மதுச்சாலை, வெளிய மழை, மாடி அறை, கடைக்காரி வஞ்சியும் கூலிக்குச் சண்ட போடுற உடும்பனும். எழுதும்போதே காது சுட்டுச்சு. மத்தியானம் கேன்டீன்ல திறந்து பாத்தா, யம்மாடி! இதுவரைக்கும் இவ்வளவு பேரு படிச்சதே இல்ல. எல்லாரும் "அண்ணா செம"ங்காங்க. புனைபேரு ஆம்பளப் பேருல்லா. ஒருத்தன் "அண்ணனுக்கு அனுபவம் பேசுது" அப்டிங்கான். அடப்பாவி. மண்ணூர்ல ஒத்த ரூம்ல நானும் ஜெயந்தியும் கெடக்கோம், மோட்டர் போடச் சொல்லி வீட்டுக்காரம்மாட்ட தெனம் சண்ட. இதுல அனுபவமாம்.

எல்லாம் ஞாயித்துக்கிழம ஆட்டத்துலருந்து வந்த கததான். ஜெயந்தி கதைய நடத்துவா, நானும் புவனாவும் ஆடுவோம். ஆளுக்கொரு பாத்திரம், இருபது மொகப் பகடை. இருபது விழுந்தா யோகம், ஒண்ணு விழுந்தா ஆளு காலி. உடும்பன் என் ஆளு. வஞ்சி புவனாவோட ஆளு, மதுச்சாலையும் அவளுது. இந்த மாடி அறை மட்டும் ஆட்டத்துல நடக்காதது, நானா எழுதுனது. புவனா இன்னும் படிக்கல. படிச்சா விழுந்து விழுந்து சிரிப்பா.

ஜூலை 10, வியாழன்

சிரிக்கல.

கம்பெனி லைன்ல எம் பக்கத்துலதான் புவனாவுக்கு வேல; இன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. டீ டைம்ல கைகழுவுற எடத்துல மறிச்சு நிக்கா.

"இன்னாடி எழுதி வச்சிக்கீற?"

கட்டில் சமாச்சாரம்தான்னு நெனச்சு, "ஏட்டி கோவப்படாத, அந்த எடத்த எடுத்துருதேன், வேணும்னா பேர மாத்திருதேன்"னு உளறுனேன்.

"படுத்தா படுத்துட்டுப் போறா. அதுக்கு இன்னா இப்போ? காலைல எதுக்குடி சாவிய எடுத்து அவன் கைல குடுத்தா?"

சாவியா? எனக்கு ஒண்ணும் ஓடல. அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. கடைசில வஞ்சி கடைச் சாவிய உடும்பன் கையில வச்சு "இனி எல்லாம் உன்னுடையது"ன்னு சொல்லுவா. முடிப்பு இனிப்பா இருக்கட்டும்னு ரெண்டு வரி சேத்தேன், அவ்வளவுதான்.

"என்னக் கேட்டியா? பகடை போட்டியா? என் ஆளு என் பகடைன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே ரெண்டு பேரும்."

பெல் அடிச்சுட்டான். போயிட்டா. நான் ஈரக்கையோட அப்படியே நிக்கேன். அவ சொல்றது நெசம். எங்க ஆட்டத்துல மொத விதியே அதுதான்: அடுத்தவ ஆள, அவ போடாத பகடைக்கு அசைக்கக் கூடாது. எழுதும்போது அது நெனப்புலயே இல்ல.

சூப்பர்வைசர் வந்து "இன்னாமா, உடம்பு சரியில்லயா"ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் இடி, மழை இல்ல. கரண்ட் போய் வந்துச்சு. ரசம், அப்பளம்.

ஜெயந்திதான் வெவரம் சொன்னா. புவனா ஊரு பிள்ளைப்பாக்கம். நெலத்த வித்தாங்கன்னு எனக்குத் தெரியும். இவளும் அண்ணன் காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டான்னும், அந்தக் காசுல கட்டுன வீட்டுச் சாவி அண்ணி இடுப்புலன்னும் தெரியாது. ஷிப்ட் முடிஞ்சு போனா கதவத் தட்டிக்கிட்டு வெளிய நிக்கணுமாம். இன்னொரு சாவி கேட்டதுக்கு அண்ணி, "உனக்கு எதுக்கு? கல்யாணம் ஆனா போறவதான"ன்னுருக்கா.

எவ்வளவு நாளா பக்கத்துல நின்னு வேல பாக்கேன்! எங்கிட்ட ஏன் சொல்லல?

ஜெயந்தி: "கேட்டியா நீ? அவ ஞாயித்துக்கிழம வீட்ல ஓவர்டைம்னு பொய் சொல்லிட்டு ஓடி வர்றது உன் உடும்பனப் பாக்கவா? ஆட்டத்துலயாவது அவ பேர்ல ஒரு கட இருக்குன்னுட்டி."

தட்டக் கழுவி வச்சுட்டுப் போனை எடுத்தேன்.

அத்தியாயத்த அழிக்கப் போனேன். அழிக்கல. நெசத்த எழுதிருதேன்: அத்தன பேரு படிச்சதப் பாத்துக் கை வரல. தூ.

"ஞாயிறு வருவியா"ன்னு அனுப்புனேன். நீல டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

ஜூலை 13, ஞாயிறு

துணி ஊறவச்சது. மத்தியானம் நல்ல மழ.

வந்துட்டா! செருப்புச் சத்தம் கேட்டதும்தான் உயிரு வந்துச்சு. தல நனஞ்சு, கையில பக்கோடாப் பொட்டலம். என் மூஞ்சியப் பாக்கல.

நான் முந்திக்கிட்டேன். "அந்த அத்தியாயத்த எடுத்துருதேன். இல்லன்னா உடும்பன் சாவியத் திருப்பித் தந்துட்டான்னு எழுதிருதேன்."

"சும்மா தந்தா வேணா. எங்கண்ணனும் சும்மாதான் தரேன்றான், மூலைல ஒரு ரூமு. பகடைய எடு."

ஜெயந்தி ஆரம்பிச்சா: மறுநா ராத்திரி, மாடியில உடும்பன் தூங்குதான், தலகாணிக்கு அடியில சாவி. வஞ்சி உருவணும். யாருக்குப் பெருசு விழுதோ அவங்களுக்கு. சாமி, எனக்குச் சின்னதா விழட்டும்னு வேண்டிக்கிட்டேன். அவளுக்கு நாலு.

எனக்குப் பதினேழு.

ஐயோ.

"உடும்பன் பொரண்டு சாவி மேலயே படுத்துட்டான்"னா ஜெயந்தி. மறுபடி போடுவோம்னேன். "விழுந்தது விழுந்ததுதான்"ட்டா, பாவி.

புவனா ஒரு பக்கோடாவ எடுத்து மெதுவா மென்னா.

"சரி. சாவி அவன்கிட்டயே இருக்கட்டும். வஞ்சி கீழ எறங்கி வெளில வந்துட்டா. கதவ சாத்திட்டா. வெளக்கெண்ணெய கூரைல ஊத்திக் கொளுத்திட்டா."

"ஏட்டி, அது உன் கட!"

"ஆமா. என் கட."

ஜெயந்தி தயங்கித் தயங்கி, "தீ புடிக்குமான்னு பகட..."

"என் கடைய நான் கொளுத்த எதுக்குடி பகடை?"

ஜெயந்தி பகடையக் கீழ வச்சுட்டா. விதிப்படி சரிதான். அப்பதான் எனக்கு உறைச்சுது. "மாடியில உடும்பன் தூங்குதான் புவனா!"

"தெரியும். அவன் உன் ஆளு. அவன் தப்பிக்கிறதுக்கு நான் போட மாட்டேன், நீ போடு."

பகடைய எடுத்து என் உள்ளங்கையில வச்சா. அவ கை குளுந்து கெடந்துச்சு. போட்டேன்.

ஒண்ணு.