லவினாவின் அச்சுப் போட்ட வெண்ணெய்

கெஸ்லர் பண்ணை, அயோவா
4 பிப்ரவரி 1912

அன்புள்ள லவினா,

நீயும் ஏமஸும் அந்தக் கனடாக் குளிரில் கை கால் சுகத்தோடு இருக்கிறீர்களா? இங்கே எல்லாரும் நலம், என் வீட்டுக்காரரின் கடைவாய்ப் பல்லைத் தவிர. ஹெர்மன் மூன்று நாளாக மக்காச்சோளக் கஞ்சிதான் குடிக்கிறார். பல் வலியைவிட என் கஞ்சிதான் பெரிய தண்டனையாம். கோழிகள் இரண்டு வாரமாக முட்டையிடாமல் தின்றுகொண்டு மட்டும் இருக்கின்றன.

ஒரு சேதி. நம் தேவாலய மாதர் சங்கம் சமையல் புத்தகம் போடுகிறது. ஒவ்வொரு குறிப்பின் கீழும் அவரவர் பெயர் அச்சில் வரும். குறிப்புகளைச் சேகரிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். உன் மோர் பிஸ்கட் இல்லாமல் அது என்ன புத்தகம்? உடனே எழுதி அனுப்பு. உன் கடிதங்கள் வரவரச் சின்னதாகிக்கொண்டே போகின்றன. தாள் அங்கே அத்தனை அரிதா?

உன் அன்புத் தோழி,
பெர்த்தா

சாஸ்காட்சுவான், கனடா
1 மார்ச் 1912

அன்புள்ள பெர்த்தா,

தாள் இருக்கிறது, மை உறைந்துவிடுகிறது. அடுப்பருகில் வைத்து இளக்கித்தான் இதை எழுதுகிறேன். ஹெர்மனுக்குக் கிராம்பு கொடு, கஞ்சியை நிறுத்து. பாவம், அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்!

எங்கள் சாப்பாட்டை என்ன சொல்ல? திங்கள் பீன்ஸ், செவ்வாய் பீன்ஸும் உப்பிட்ட பன்றிக்கறியும், புதன் மறுபடியும் பீன்ஸ். ஏமஸ் முயல் பிடித்து வந்தால் எங்களுக்கு அன்று திருவிழா.

மோர் பிஸ்கட்டுக்கு மாவு நான்கு கிண்ணம், சோடா ஒரு சின்னக் கரண்டி, உப்பு, பிசையப் பிடிக்கும் அளவு மோர். வெண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்புப் போடு. நான் வெண்ணெய் கடைவதை விட்டு நாளாயிற்று. மோர் மட்டும் பக்கத்துப் பண்ணையில் வாங்கிக்கொள்கிறேன், எங்கள் பாலை அப்படியே அவர்களுக்கு விற்றுவிடுகிறேன். புத்தகத்தில் என் பெயரைப் போடாதே. போட்டால் சிரிப்பார்கள்.

அன்புடன்,
லவினா

கெஸ்லர் பண்ணை
14 ஏப்ரல் 1912

அன்புள்ள லவினா,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. நான்கு முறை எழுத உட்கார்ந்து நான்கு முறையும் அடுப்பில் போட்டேன்.

மாதர் சங்கக் கூட்டத்தில் உன் பிஸ்கட்டை வாசித்தேன். பெயரோடுதான் வாசித்தேன். டட்டில் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, “மண்ணெண்ணெய் எத்தனை கரண்டின்னு சொல்லலியே?” என்றாள். பன்னிரண்டு பெண்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். லவினா, நானும் சிரித்தேன். வாய் தானாகச் சிரித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கக் கூசியது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் கையாலேயே எழுதியாக வேண்டும். 1906 ஆகஸ்டில் எங்கள் வீட்டுக் கதிரடிப்பு, ஊர் ஆண்கள் வந்து உழைத்து எங்கள் மேஜையில் சாப்பிடும் நாள். கதிரடிக்கும் இயந்திரம் எங்களுடையது. ஊரிலேயே எங்கள் மேஜைதான் முதல் மேஜையாக இருக்கவேண்டும் என்பது என் மாமியாரின் கட்டளை. வெண்ணெய்க் கட்டியில் அவரவர் அடையாளம் பதிக்கும் அச்சு என்னிடம் இருந்தது விரிசல் விட்ட பழைய கட்டை. உன் அச்சில் கதிர்க்கட்டு செதுக்கியிருக்கும். கடையில் அந்த அச்சைப் பார்த்துத்தான் ஜனங்கள் கேட்டு வாங்குவார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று உன்னிடம் இரவல் வாங்கினேன்.

நிலவறையில் பாலேட்டுச் சாடிக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டப்பாவை வைத்திருந்தேன். மூடிக்குப் பதிலாக டப்பா மூக்கில் செருகியிருந்த உருளைக்கிழங்கு எப்போதோ விழுந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. கடையும்போதே வாடை தெரிந்தது. மூன்று தண்ணீரில் அலசினேன், உப்பை அள்ளிப் போட்டேன். சுடச்சுட ரொட்டியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பிறகு உன் அச்சை அழுத்தி, இலை விரித்த தட்டில் அழகாக அடுக்கினேன்.

கதிரடிக்க வந்த நில்ஸ் முதல் கடியைத் துப்பினான். “யாரு வெண்ணெய்டா இது? வெளக்குக்கு ஊத்துறதை ரொட்டில தடவி வெச்சிருக்காங்க!”

“கதிர்க்கட்டு அச்சு போட்டிருக்கே. லவினா வீட்டு வெண்ணெய்தான்” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“ஏமஸு, உம் பொண்டாட்டி வயித்துக்குள்ளயே வெளக்கு ஏத்திருவாடா!” என்றான் நில்ஸ்.

இருபது ஆண்களும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். உன் புருஷன் தலை நிமிரவில்லை. ஒத்தாசைக்கு வந்த நீ காப்பிக் கெண்டியோடு நின்று என்னையே பார்த்தாய். அப்போது நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். “பாவம், வெயில் காலம், அவதான் என்ன பண்ணுவா” என்றேன். பழியையும் போட்டுப் பரிதாபமும் பட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லாப் பெண்களிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னை மன்னித்துவிடு.

பெர்த்தா

சாஸ்காட்சுவான்
9 மே 1912

பெர்த்தாவுக்கு,

அச்சை இரவல் கொடுத்தவள் நான். அந்த வெண்ணெய் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? உன் மேஜையில், உன் மாமியார் எதிரில் உன்னைக் கூனிக் குறுக வைக்க எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் நீயே சொல்லிவிடுவாய் என்று பார்த்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று பார்த்தேன். கடைக்காரர் என் வெண்ணெயை முகர்ந்து பார்க்காமலே வண்டிச் சக்கரத்துக்குப் பூசும் மட்டச் சரக்கோடு போட்டபோதும் காத்திருந்தேன். என் கையால் வந்த ஒரே வருமானம் அது. ஊரை விட்டு ரயிலேறிய அன்று நீ வழிச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாயே, அப்போது சொல்லப்போகிறாய் என்றே நம்பினேன். “கோழி வறுத்திருக்கேன், சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடு” என்றாய்.

மாதர் சங்கத்தில் சொல்கிறேன் என்கிறாய். அந்தக் கதிரடிப்பன்று பெண்கள் நாம் ஆண்கள் எழுந்த பிறகுதான் உட்கார்ந்தோம். அதற்குள் அந்தத் தட்டை நீயே எடுத்துவிட்டாய். அவர்கள் யாரும் அதைச் சாப்பிடவில்லை. சாப்பிட்டவர்களிடம் சொல். இந்த வருஷமும் கதிரடிப்புக்கு அதே ஆட்கள்தானே வருவார்கள்? அவர்கள் வாயில் ரொட்டி இருக்கும்போது சொல். சொன்ன பிறகு எழுது.

லவினா

கெஸ்லர் பண்ணை
22 ஆகஸ்ட் 1912

அன்புள்ள லவினா,

சொல்லிவிட்டேன்.

பத்து நாளைக்கு முன் எங்கள் கதிரடிப்பு. பதினேழு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கோழி, மசித்த கிழங்கு, பச்சை பீன்ஸ், ரொட்டி எல்லாம் பரிமாறினேன். காப்பிக் கெண்டியை மேஜையில் வைத்தேன். “எல்லாரும் கொஞ்சம் கேளுங்க” என்றேன்.

“அந்த மண்ணெண்ணெய் வெண்ணெய் லவினாவோடது இல்ல. நான் கடைஞ்சது. அவ அச்சை வாங்கி நான்தான் போட்டேன். வாடை வருதுன்னு தெரிஞ்சேதான் வெச்சேன்.”

ஹெர்மன், “பெர்த்தா, உள்ள போ” என்றார். போகவில்லை.

நில்ஸ் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, “இப்ப எதுக்கும்மா அது, சாப்பிடற நேரத்துல?” என்றான்.

“ஆறு வருஷமா சாப்பிடற நேரத்துலதானே சிரிச்சீங்க?” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வெண்ணெய்த் தட்டைத் தொடவில்லை. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்தார்கள்.

அன்றிலிருந்து ஹெர்மன் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறார். டட்டில் வீட்டுக் கதிரடிப்புக்கு ஒத்தாசைக்குப் போனேன். “நீ எதையும் சமைக்க வேணாம், தண்ணி மட்டும் மொண்டு வை” என்றார்கள். மொண்டு வைத்தேன். ரயிலேறும்வரை நீ மூன்று வருஷம் இந்த ஊரில் எப்படி நடமாடினாய் என்று இப்போதுதான் தெரிகிறது.

இப்போதாவது மன்னிப்பாயா? ஒரு வரி எழுது.

உன்
பெர்த்தா

சாஸ்காட்சுவான்
15 செப்டம்பர் 1912

பெர்த்தா,

உன் கடிதத்தை ஏமஸுக்கு வாசித்துக் காட்டினேன். ஏப்ரலில் நீ எழுதியதைக் காட்டவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னதைக் கொண்டுபோய் அவரிடம் காட்ட எனக்கு ரோஷமாக இருந்தது.

நீ யாரிடமும் சொல்லாத ஒன்று உனக்கு இருந்தது போல எனக்கும் ஒன்று உண்டு. அந்தக் கதிரடிப்பு நாளன்றே, அது என் வெண்ணெய் இல்லை என்று ஏமஸிடம் சொன்னேன். “சரி, விடு” என்றார். நல்ல மனிதர், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எதை வைத்தாலும் முதல் வாயை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ரொட்டி, பீன்ஸ், எதுவானாலும். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷம், நாளைக்கு மூன்று வேளை, எதிரில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்தேன். வெண்ணெய் கடைவதை விட்டதும் அதனால்தான்.

வாசித்து முடித்ததும் எழுந்து வெளியே போனார். வெகுநேரம் மாட்டுக் கொட்டிலில் நின்றார். திரும்பி வந்து கண்கள் சிவந்து உட்கார்ந்தார். பீன்ஸ் வைத்தேன். முகராமல் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தோம்.

நீ அந்த மேஜையில் நின்று சொன்னது சின்ன விஷயமில்லை, எனக்குத் தெரியும். டட்டில் வீட்டில் தண்ணீர் மொண்டாய் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எண்ணினேன். இல்லை. மன்னித்தேனா என்று கேட்கிறாய். அந்த ஆறு வருஷச் சாப்பாட்டை நினைத்தால் முடியவில்லை.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே, பெர்த்தா. எழுதினால் நான் பதில் போட்டுவிடுவேன்.

லவினா