இருமல் அடங்கிய பிறகு

ஆகஸ்ட் 11, திங்கள்
சனிக்கிழமை ஆடிக் கிருத்திகை. என் வீட்டுக்காரர் துப்புரவு வேலை பார்க்கும் விடுதியில் ஐம்பது அறையையும் அதற்குள் கழுவித் தர வேண்டுமாம். அவருக்குக் காவடி விரதம் வேறு, ஒரு வேளைச் சாப்பாடு. உடம்பு தாங்குமா? கேட்டால் முறைக்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன், மதியம்
காலை பத்து மணிக்கு விடுதிக் குளியலறையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார். கறை போகவில்லையென்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றியிருக்கிறார். ஜன்னல்கூட இல்லாத அறை. மஞ்சள் புகை! இருமிக்கொண்டே தவழ்ந்து வெளியே வந்தாராம். மேனேஜர் குணசேகரன் முகத்தில் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "மாலை போட்டுகினு அங்க வரமாட்டேன். ஆஸ்பத்திரின்னா சாவுத் தீட்டு. அப்புறம் எப்படி மலையேறறது?" என்கிறார். மிளகுப்பால் கொடுத்தேன். இருமல் அடங்கியது. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். முருகா, உனக்குக் கோபம் வந்துடுமோன்னுதானே சும்மா இருக்கேன்?

அதே நாள், நாலரை மணி
திரும்ப இருமுகிறார். பேச்சு பாதியில் நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுதாம். உதடு ஊதாவா இருக்கா — எனக்குத்தான் அப்படித் தெரியுதா? ஐயோ, நான் என்ன பண்ணுவேன்? சாமி குத்தம் என் தலையிலயே விழட்டும். எனக்கு இவர் வேணும்.
108க்கு அடிச்சுட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்
மாலையை நான்தான் கழற்றினேன். என் கையைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தெம்பில்லை. அழுதார். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். "அடங்கிடுச்சுன்னு வீட்லயே வெச்சிருந்தீங்களா? இந்தப் புகை உள்ள போனா, பல மணி நேரம் கழிச்சும் நுரையீரல்ல நீர் கோத்துக்கும். உடனே வரவேணாமா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." அதற்கு மேல் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி
பரவாயில்லை என்கிறார்கள். எனக்குப் பயம் போகவில்லை. அவர் கண்ணை மூடினாலே நெஞ்சைப் பார்க்கிறேன், ஏறி இறங்குகிறதா என்று.

ஆகஸ்ட் 16, சனி
தெருவில் காவடி போகிறது. அரோகரா சத்தம் வார்டு வரை கேட்கிறது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். என்னோடு பேச்சில்லை.

நர்ஸ் ஜெபசெல்வி ஆக்சிஜனை எடுத்துவிட்டு, "ஒரே மூச்சுல இருபது வரைக்கும் எண்ணுங்க, பாக்கலாம்" என்றாள். எண்ணினார். பதினேழில் குரல் இழுத்தது. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

உடனே மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார். கோவிச்சுக்கட்டும். ஆயுசுக்கும் கோவிச்சுக்கட்டும்.